பாலத்துறை அமைச்சரின் பாதிப் பிரமாணம்

2024 ஜூலை 16, செவ்வாய்.
இன்றைய பிழை: ஞாயிற்றுக்கிழமையில் எந்த அரசாங்கமும் விழாது என்று நம்பி, வரவேற்பு விழாவை வருகிற ஞாயிறு மாலைக்கு வைத்துவிட்டேன். நேபாளத்தில் விடுமுறை சனிக்கிழமையாம். ஞாயிறு முழு வேலை நாள். விருந்தினரிடம் முதலே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிரணவி இதை எழுதிவிட்டுக் "கேட்கவில்லை" என்ற சொல்லுக்குக் கீழே கோடிட்டாள். ஆக்லாந்தின் நியூ லின்னில் அவள் போகும் மாலை வகுப்பில், பொது நிகழ்ச்சிகளை ஒழுங்குசெய்வது எப்படி என்று கற்பித்தார்கள். தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டும். முதல் வரியில் அன்றைய பிழை, கடைசி வரியில் மறுநாள் வேலை. இது ஆசிரியை ஹெலனின் கட்டளை. வகுப்பில் மற்றவர்கள் பிழை கிடைக்காமல் திண்டாடினார்கள். பிரணவிக்கு அந்தச் சிரமம் வந்ததில்லை. இருப்பதில் எதை எடுப்பது என்றுதான் குழம்புவாள்.

பகலில் அவள் ஹென்டர்சனில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் நின்றாள். அங்கிருந்து வெளியேற ஒரு வழி தெரிந்திருந்தது. ஒரு சமூக நிலையத்தில் நிகழ்ச்சி உதவியாளர் வேலையை அவளுக்காக வைத்திருந்தார்கள். சான்றிதழோடு வந்தால் அடுத்த மாதமே தொடங்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு விழாவை உண்மையாகவே நடத்திக் காட்ட வேண்டும். விருந்தினரைப் பிழையில்லாமல் அறிமுகப்படுத்த வேண்டும். நாற்காலிகளை அடுக்கி, இரவு ஒன்பதுக்குள் மண்டபத்தைப் பூட்ட வேண்டும். அத்தோடு, விழாவை நடத்திய அமைப்பின் தலைவர் அங்கேயே மதிப்பீட்டுத் தாளில் ஒப்பமிட வேண்டும். மாணவர் தமக்குத் தாமே ஒப்பமிடக் கூடாது என்று தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அப்படி யார் செய்யப்போகிறார்கள் என்று பிரணவிக்கு விளங்கவில்லை.

போன முறை அவள் தோற்றது நாற்காலிகளிடம். விழா முடிந்ததும் அந்தச் சங்கத்தார் ஒருவரையொருவர் பாராட்டியபடியே கார்களில் ஏறிவிட்டார்கள். அவள் ஒருத்தியாக அடுக்கிக்கொண்டிருக்கும்போதே ஒன்பது மணி அலாரம் ஊளையிட்டது. இந்த முறையும் போனால், மூன்றாவது முறை கிடையாது.

இந்த முறை அவளுக்கு வாய்த்தது மேற்கு ஆக்லாந்து தெற்காசிய நட்புறவுப் பேரவை. அதில் பதினாறு பொறுப்பாளர்களும் ஓர் உறுப்பினரும் இருந்தார்கள். பொறுப்பாளர்களை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பேரவையின் விதிநூலான யாப்பில் எழுதிவிட்டதால், ஆண்டுக்கூட்டத்துக்கு முந்தின வாரம் அவசரமாக ஓர் உறுப்பினரைத் தேடினார்கள். பிரணவி அகப்பட்டாள். பதினாறு பேரையும் அவள் ஒருத்தியே கையை உயர்த்தித் தேர்ந்தெடுத்தாள். பேரவை அவளுக்கு நன்றி தெரிவித்து, தேநீர் ஊற்றச் சொன்னது.

தலைவர் சற்குணம் யாழ்ப்பாணத்தவர். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் ரங்கநாதன் கோயம்புத்தூர்க்காரர். தலைவராக வேண்டும் என்ற ஆசை தனக்குக் கிடையாது என்பார். சற்குணம் தலைவராக இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கொள்கை. சற்குணத்துக்கு நீரிழிவு. கூட்டத்தின் நடுவே அடிக்கடி எழுந்து போக வேண்டியிருந்ததால், யாப்பில் அவரே ஒரு விதியைச் சேர்த்திருந்தார்: தலைவர் அவையில் இல்லாத நேரத்தில், அவர் நியமிக்கும் எவரும் முழு அதிகாரத்தோடு தலைவராகச் செயற்படலாம். கழிவறைக்குப் போகுமுன் பக்கத்தில் இருப்பவரின் தோளில் தட்டிவிட்டுப் போவார். அப்படிப் பேரவையில் பாதிப்பேர் தலைவராக இருந்து முடித்துவிட்டார்கள்.

பேரவைக்கு இல்லாத குறை ஒன்றுதான். அது இதுவரை ஓர் அமைச்சருக்குப் பொன்னாடை போர்த்தியதில்லை. உள்ளூர் எம்.பி. மூன்று தடவை வந்து சாப்பிட்டுவிட்டார்; அவர் மேல் இருந்த மரியாதை தீர்ந்துபோயிருந்தது. அப்போதுதான் உபதலைவி ராஜம்மா ஹென்டர்சனில் டேரி என்ற மூலைக்கடையில் பால் வாங்க வரிசையில் நின்றார். பின்னால் நின்ற நேபாளத்துக்காரர் ஒருவர், "அக்கா, உங்க குடை நழுவுது" என்று நல்ல மலேசியத் தமிழில் சொன்னார். ராஜம்மா ஈப்போவில் பிறந்தவர். விசாரித்துப் பார்த்தால், அவர் மகளைப் பார்க்க வந்திருக்கும் மாகாண அமைச்சர்.

"அமைச்சர் லா," என்று ராஜம்மா பேரவைக்கு அறிவித்தார். "கையில பால் போத்தல் வச்சிருந்தாரு. எவ்வளவு எளிமை பாரு."

எந்த மாகாணம் என்று சொல்லாமலிருப்பது நல்லது. நேபாளத்தில் ஏழு மாகாணங்கள் இருக்கின்றன. ஒன்றைச் சொன்னால் அது கோபிக்கும்; சொல்லாத ஆறும் தங்களை விட்டுவிட்டதாகக் கோபிக்கும்.

வரவேற்புரைக்கு அவருடைய அரசியல் வாழ்க்கையை எழுதிக்கொள்ளப் பிரணவி செவ்வாய் பின்னேரம் ஹென்டர்சனில் அவருடைய மகள் வீட்டுக்குப் போனாள். திரு. லோக்நாத் திம்சினா சமையலறை மேசையில் அமர்ந்து பேத்திக்கு ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தார். மேசையில் இரண்டு கைபேசிகள் இருந்தன. ஒன்று ஆளுங்கட்சி அழைப்பதற்கு, மற்றது எதிர்க்கட்சி அழைப்பதற்கு என்று விளக்கினார். எது எது என்பதுதான் வாரத்துக்கு ஒருமுறை மாறிவிடுகிறதாம்.

"உக்காரு தங்கச்சி. மொதல்ல எழுது, மலேசியாவுல கிள்ளான்ல ஆறு வருஷம் ஜாகா வேலை. கையுறை ஃபேக்டரி. நைட்டு பூரா கேட்ட காவல் காப்பேன். சூப்பர்வைசர் தமிழன். ஏசி ஏசியே எனக்கு தமிழ் கத்துக் குடுத்துட்டான் லா."

"அமைச்சரானதை எழுதினால் போதும் அங்கிள்."

"அதையும் எழுதிக்கோ. ஆனா நான் நின்ன காலத்துல ஒரு கையுறை களவு போனதில்ல."

ஊர் திரும்பியபோது, வெளிநாட்டில் சீருடை போட்டவர் என்பதால் அவரை வார்டுத் தலைவராக்கினார்கள். பிறகு மாகாண சபைத் தேர்தல் வந்தது. பெரிய வேட்பாளர்கள் இருவரும் ஒருவரையொருவர் தோற்கடிப்பதில் முழு மூச்சாக இறங்கியதில், இருவருமே வெற்றி பெற்றார்கள். அதாவது இருவருமே தோற்றார்கள். ஓரமாக நின்ற லோக்நாத் சபைக்குப் போனார்.

"உங்கட அமைச்சு என்ன அங்கிள்?"

"பாலம்."

"பொதுப்பணி அமைச்சோ?"

"ஆரம்பத்துல அது ஒரே அமைச்சுதான். ஆளுங்கட்சியில ஆளு ஜாஸ்தி, நாற்காலி கம்மி. அதனால பிரிச்சாங்க. ரோடு ஒருத்தருக்கு. பாலம் எனக்கு. பாலத்துமேல போற தண்ணிக் குழாய் இன்னொருத்தருக்கு."

"ரோட்டும் பாலமும் ஒரு இடத்தில சேர வேணுமே?"

"சேரணும்னா நானும் ரோட்டுக்காரரும் பேசணும். நாங்க வேற வேற கட்சி."

பிரணவி எழுதினாள். தான்தான் பிழையாக விளங்கிக்கொண்டோமோ என்று மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் அதையே சொன்னார், இந்த முறை கொஞ்சம் பெருமையோடு.

"நீங்கள் எத்தனை தரம் கட்சி மாறினீங்கள்?" என்று கேட்டுவிட்டு அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "நான் ஒருவாட்டிகூட மாறல தங்கச்சி. நான் பாட்டுக்கு ஒரே நாற்காலியில உக்காந்திருக்கேன். கட்சிங்கதான் வருது, ரெண்டா உடையுது, ஒட்டுது, பேர மாத்துது. நான் எழுந்திருச்சா மாறின மாதிரி ஆயிரும்னு எழுந்திருக்கிறதே இல்ல."

ஒரு கைபேசி அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே ஆப்பிள் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவினார்.

"அரசாங்கம் விழுந்துருச்சு," என்றார். "ஒரு துண்டு சாப்புடு."

பிரணவி "மாகாண அமைச்சர்" என்பதற்கு முன்னால் "முன்னாள்" என்று சேர்த்தாள். மற்றக் கைபேசி அடித்தது.

"புது அரசாங்கமாம். என்னைய விட்டா ஒரு ஓட்டு கொறையுது. பாலம் திரும்ப எனக்கே."

அவள் "முன்னாள்" என்பதை வெட்டினாள்.

பதவிப் பிரமாணத்தைத் திரையிலேயே எடுத்துவிடலாம் என்று நேபாளத்தில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அமைச்சர் எழுந்து தொப்பியும் கோட்டும் அணிந்துகொண்டார். திரையில் தெரியாத கீழ்ப்பாதியில் மருமகனின் ரக்பி அரைக்காற்சட்டை. ஐபாடைச் சோற்றுப் பானையில் சாய்த்து வைத்து, பேத்தியை மடியிலிருத்தி, வலக்கையை உயர்த்தினார். இத்தனை தடவை எடுத்ததில் மனப்பாடமாகியிருந்ததால், சொல்லிக்கொடுப்பவரை முந்திக்கொண்டே சொன்னார். அரசியல் சாசனம் வந்தது, மக்கள் வந்தார்கள், நாட்டின் இறைமை வந்தது. "உண்மையாகவும் விசுவாசமாகவும்" என்று வர வேண்டிய இடத்தில் இணைப்பு அறுந்துவிட்டது.

அவர் கையை இறக்காமல் காத்திருந்தார். திரை மீண்டும் வெளித்தபோது, அந்தப் பக்கத்தில் எல்லோரும் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப மிச்சப் பிரமாணம்?" என்றாள் பிரணவி.

"மிச்சத்த எப்பவும் யாரும் கேக்கிறதில்ல," என்று அவர் தொப்பியைக் கழற்றினார். "இனி ஞாயித்துக்கெழமை மத்தியானம் நம்பிக்கை ஓட்டு. அது வரைக்கும் நான் அமைச்சர்."

"ஞாயிறோ?"

"எங்களுக்கு ஞாயிறு வேல நாளு லா."

அங்கே ஞாயிறு நடுப்பகல் என்றால் இங்கே ஞாயிறு மாலை. பிரணவி கைக்கணக்குப் போட்டாள். சந்தேகப்பட்டு இரண்டாம் முறையும் போட்டாள். சரியாக அவள் ஒலிவாங்கி முன்னால் நிற்கும் நேரம்.

வியாழக்கிழமை ரங்கநாதன் வீட்டில் விழாக் குழு கூடியது. பதினாறு பொறுப்பாளர்களுக்குப் பதினாறு பொன்னாடைகள் வந்திறங்கியிருந்தன. முதலாவதை யார் போர்த்துவது என்பதில் எட்டுப் பேர் தலைவர் பக்கமும் எட்டுப் பேர் செயலாளர் பக்கமும் நின்றார்கள். தேநீர் இருமுறை ஆறியது. பிரணவி மெதுவாகக் கையை உயர்த்தினாள்.

"விழா முடிய கதிரையள் அடுக்க ஆரார் நிப்பீங்கள்?"

எல்லோரும் ஒன்றாகத் தேநீர்க் கோப்பைக்குள் குனிந்தார்கள். பதினாறு பேர் ஒரே கருத்தோடு இருந்த ஒரே தருணம் அது.

"பிள்ளை," என்றார் சற்குணம் கனிவாக, "தலைவர் கதிரை அடுக்கினா, நாளைக்குத் தலைவர் பதவிக்கு என்ன மரியாதை? நான் எனக்காகச் சொல்லேல்லை. பதவிக்காகச் சொல்லுறன்."

"செயலாளர் வேலை கடிதப் போக்குவரத்துமா," என்றார் ரங்கநாதன். "நாற்காலி அதுல வராது. நான் வேணும்னா அதைப் பத்தி ஒரு கடிதம் போடறேன்."

ராஜம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றவர்களுக்கும் ஒவ்வோர் உறுப்பில் வலி இருந்தது.

மேடை ஒழுங்கைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டிருந்த அமைச்சர் மூலையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் பிரணவியிடம் கேட்டார்: "இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. நீ எந்தப் பக்கம்?"

"நான் சும்மா உறுப்பினர் அங்கிள்."

அவர் அவளை முதல் தடவையாகத் தலை முதல் கால் வரை பார்த்தார். ஒற்றை ஆசனம் வைத்திருக்கும் கட்சியை ஊரில் அப்படித்தான் பார்ப்பார்கள் போலும். "தங்கச்சி," என்றார் தாழ்ந்த குரலில், "நீதான் அரசாங்கம். யார்கிட்டயும் சொல்லிறாதே."

ஞாயிறு மாலை நியூ லின் மண்டபத்தில் மழைச் சத்தத்தோடு விழா தொடங்கியது. வந்தவர்கள் குறைவு, நாற்காலிகள் நிறைய. பிரணவி மூன்று வரவேற்புரைகளோடு நின்றாள்: அமைச்சர் என்று ஒன்று, முன்னாள் அமைச்சர் என்று ஒன்று, வருங்கால அமைச்சர் என்று ஒன்று. எது என்று அமைச்சர் கண்ணால் காட்டுவதாக ஏற்பாடு. அவள் பெயரை அழைத்தார்கள். அதே நேரம் அவருடைய சட்டைப்பையில் இரண்டு கைபேசிகளும் ஒன்றாக அதிர்ந்தன. அவர் இரண்டையும் இரண்டு காதிலும் வைத்துக் கேட்டார். பிறகு அவளைப் பார்த்து இரு கைகளையும் விரித்தார். அவருக்கே தெரியவில்லை.

பிரணவி மூன்று தாள்களையும் மடித்தாள். எது பிழையாகப் போகாதோ அதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தாள்.

"இன்றைய விருந்தினர் திரு. லோக்நாத் திம்சினா. கிள்ளானில் ஆறு வருடம் தொழிற்சாலைக் காவலாளியாக இருந்தவர். அவர் காவல் நின்ற காலத்தில் அங்கே ஒரு கையுறையும் களவு போகவில்லை."

அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். மண்டபத்தில் ஒருவர்தான் கைதட்டினார். அது விருந்தினர்.

அவர் பேசினார். "நான் பால அமைச்சரா இருந்தப்ப எங்க மாகாணத்துல ஒரு பாலம்கூட இடிஞ்சு விழல. முந்தின ஆட்சியில மூணு விழுந்துச்சு, ஏன்னா அவங்க மூணு கட்டினாங்க. நான் அந்தத் தப்பு பண்ணல. ஜனங்க கேக்குறாங்க, மாகாணம் எதுக்குன்னு. நான் கேக்குறேன், மாகாணம் இல்லன்னா எங்களயெல்லாம் எங்க வைப்பீங்க? காட்மாண்டுல எடம் இல்ல. மலையில உக்கார வச்சிருக்கு, நிம்மதியா இருக்கீங்க. எங்க முதலமைச்சர் நல்ல மனுஷன். நாலு பேரையும் சொல்றேன். இந்த வருஷம் நாலு பேரு."

இப்போது எல்லோரும் கைதட்டினார்கள். தங்கள் பேரவையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்ற நிம்மதியில் பலமாகவே தட்டினார்கள். பதினாறு பொன்னாடைகளும் போர்த்தப்பட்டன. கடைசியில் அவருடைய மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிந்தன.

திரைக்குப் பின்னால் சற்குணம் கொதித்துக்கொண்டிருந்தார். "மினிஸ்டரை வாச்மேன் எண்டு சொல்லிப் போட்டாய் பிள்ளை. என்ர தலைமையில இப்பிடி ஒரு அவமானம். நான் இனி எந்த முகத்தோட…" முடிக்குமுன் அவருக்குக் கழிவறைக்கு ஓட வேண்டி வந்தது. பதற்றத்தில் யார் தோளிலும் தட்டாமலே போய்விட்டார்.

தலைவர் நாற்காலி காலி. ரங்கநாதன் தேநீர்க் கலத்துக்குப் பக்கத்திலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். காரணம், விருந்தினரை அவமதித்தது. எட்டுக்கு ஏழு என்று நிறைவேறியது. பிரணவி தாளோடு அவரிடம் ஓடினாள்.

"சார், நீங்கள்தானே இப்ப தலைவர். இதில ஒரு கையெழுத்து…"

"அதுக்கென்னமா, குடு," என்று ரங்கநாதன் பேனாவைத் திறந்து தன் முதலெழுத்தைப் போட்டார். அதற்குள் சற்குணம் திரும்பி வந்துவிட்டார். அவர் பக்கம் எதிர்த் தீர்மானம் வந்தது. எட்டுக்கு எட்டு.

"எழுதாதேயும் ஐசே," என்றார் சற்குணம். "நீர் தலைவரில்லை."

"நீங்களும் இல்ல சார்."

இருவரும் சொன்னது உண்மையாக இருந்தது. மணி எட்டேகால் தாண்டியிருந்தது. ஒரு நாற்காலிகூட நகரவில்லை. பதினாறு பேரும் மெல்லப் பிரணவியைச் சூழ்ந்தார்கள். தேநீர் ஊற்றும் பிள்ளைக்கு வாக்கு இருக்கிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

"பிள்ளை, உன்னைக் கலாசாரச் செயலாளராக்கிறன்," என்றார் சற்குணம். "இளைஞர் அணியும் சேர்த்து."

"இளைஞர் அணியே நீதாம்மா," என்றார் ரங்கநாதன். "நான் உன்னைத் துணைத் தலைவராக்கறேன்."

"அப்ப நான் என்னா, செத்துட்டேனா?" என்றார் ராஜம்மா.

பிரணவி எண்ணிப் பார்த்தாள். இவரைத் தேர்ந்தெடுத்தால் அந்த எட்டுப் பேர் கோபித்துக்கொண்டு காரில் ஏறுவார்கள். அவரைத் தேர்ந்தெடுத்தால் இந்த எட்டுப் பேர். இரண்டிலும் நாற்காலிகளோடு மிஞ்சப்போவது அவள்தான். நாளைக்கும் அதே மருந்துக்கடை, அதே கவுண்டர்.

யாரோ அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். பொன்னாடைகளுக்குள்ளிருந்து அமைச்சர்.

"ரெண்டு யானை சண்ட போட்டா நீ நில்லு. நான் அப்படித்தான் வந்தேன்."

"நான் நிண்டு என்ன செய்ய? நானே எனக்குக் கையெழுத்து வைக்கேலாது. தாளில போட்டிருக்கு."

"உன் தலைவருக்கு மூத்திர விதி ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அமைச்சர். வியாழக்கிழமை மூலையில் இருந்தபடியே அவர் பேரவையின் யாப்பு முழுவதையும் கற்றுக்கொண்டிருந்தார்.

பொது வேட்பாளராகப் பிரணவியின் பெயரை அமைச்சர் முன்மொழிந்ததும் எதிர்ப்பே வரவில்லை. ரங்கநாதன் வராமலிருந்தால் சற்குணத்துக்குப் போதும். சற்குணம் வராமலிருந்தால் ரங்கநாதனுக்குப் போதும். ஒருமனதாகத் தலைவியான பிரணவி, தன் முதலாவது உத்தரவில் திரு. திம்சினாவைக் கௌரவ உறுப்பினராக்கினாள். இரண்டாவது உத்தரவில் அவருடைய தோளில் தட்டினாள். பிறகு யாப்பின்படி அவையில் இல்லாமலிருப்பதற்காக மண்டபத்துக்கு வெளியே போய் மழையில் நின்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்தது அவளுக்குக் கேட்கவில்லை, தெரிந்தது மட்டும்தான். அமைச்சர் ஒரு நாற்காலிமேல் ஏறினார். ஏதோ சொன்னார். ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தன்மேல் கிடந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்துப் போர்த்தினார். போர்த்தப்பட்டவர்கள் வலக்கையை உயர்த்தினார்கள். அதன் பின் பிரணவி தன் கண்ணை நம்பவில்லை. கண்ணாடியை முழங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். சற்குணம் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். ரங்கநாதன் அவரைவிட வேகமாக அடுக்கிக்கொண்டிருந்தார். ராஜம்மா முழங்காலை மறந்து ஒரு வரிசையின் குறுக்கே ஓடினார்.

ஒன்பதுக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது கதவு திறந்தது. பதினாறு பேரும் பொன்னாடையோடு வெளியே வந்தார்கள். எல்லோருடைய முகத்திலும் பொறுப்பு தெரிந்தது.

"என்ன நடந்தது அங்கிள்?" என்று பிரணவி சற்குணத்தைக் கேட்டாள்.

"முன்வரிசைக் கதிரைகளுக்கான அமைச்சர் நான்," என்றார் அவர் மூச்சு வாங்கியபடி. "பின்வரிசை ரங்கநாதனிட்ட. என்ர அமைச்சுத்தான் முதல்ல முடிச்சது. அதைப் பதிவில போடு பிள்ளை."

"முன்வரிசையில கை வச்ச நாற்காலி கம்மி சார்," என்றார் ரங்கநாதன். "அதையும் போடுமா."

ராஜம்மா மடக்கு நாற்காலிகளைத் தனி அமைச்சாகப் பெற்றிருந்தார். சுவரோரம், கால் ஆடுவது, மெத்தை போட்டது என்று மிச்சமெல்லாம் பிரிக்கப்பட்டிருந்தன. நாற்காலி தீர்ந்த இடத்தில் தூசிக்கு ஒருவர்.

கடைசியாக வந்த அமைச்சர் உள்ளே திரும்பிப் போய், ஒவ்வொரு யன்னலையும் தள்ளிப் பார்த்தார். விளக்குகளைப் பின்னாலிருந்து முன்னால் அணைத்துக்கொண்டு வந்தார். வாசற்படியின் உட்பக்கம் நின்று தாளை வாங்கினார். பிரணவி வெளிப்பக்கம், நனைந்த கால்மிதியில் நின்றாள். தலைவி உள்ளே வரக் கூடாது. சட்டைப்பையில் கைபேசிகள் இரண்டும் அதிர ஆரம்பித்தன. அவர் இரண்டையும் எடுத்து அணைத்தார்.

"இங்க என்னா எழுதியிருக்கு? நீயே தமிழ்ல சொல்லு. முழுசா."

பிரணவி சொன்னாள். அவர் வலக்கையை உயர்த்தி அவள் பின்னால் சொன்னார்: "இந்த நிகழ்ச்சி ஒழுங்காக நடந்தது என்றும், மண்டபம் நேரத்துக்குப் பூட்டப்படுகிறது என்றும், உண்மையாகவும் விசுவாசமாகவும் உறுதி கூறுகிறேன்."

"விசுவாசம் தாளில இல்லை அங்கிள்."

"எனக்கு அது பாக்கி இருந்துச்சு லா," என்று சொல்லி, ரங்கநாதனின் முதலெழுத்துக்குப் பக்கத்தில் தன் முழுப்பெயரை எழுதினார். வெளியே வந்து கதவைப் பூட்டினார். கைப்பிடியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். ஒன்பது மணி ஆனது. அலாரம் சத்தம் போடவில்லை.

"அங்கே ஓட்டெடுப்பு என்ன மாதிரி?" என்று பிரணவி கேட்டாள்.

"காலைல பாத்துக்கலாம். விழுந்திருந்தாலும் கூப்பிடுவான், நின்னிருந்தாலும் கூப்பிடுவான்." அவர் சாவியை அவள் கையில் வைத்தார். "கேட்டு வரைக்கும் வா, அதையும் பூட்டிட்டுப் போவோம்."

2024 ஜூலை 21, ஞாயிறு.
இன்றைய பிழை: தற்காலிகத் தலைவரைத் திரும்பப் பெறாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். பேரவையில் இப்போது ஒரு தலைவி, ஒரு தற்காலிகத் தலைவர், பதினாறு அமைச்சர்கள் இருக்கிறார்கள். உறுப்பினர் என்று யாரும் இல்லை.
நாளை: மண்டபச் சாவியைக் கொடுக்க வேண்டும். கையெழுத்தான தாளை ஹெலனிடம் சேர்க்க வேண்டும். மருந்துக்கடையில் விலகுவதாகச் சொல்ல வேண்டும். பிறகு தலைவி பதவிக்கு ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டும். அதற்கு முன், பேரவைக்கு ஓர் உறுப்பினரைத் தேட வேண்டும்.